எந்த வீட்டுப் பெண் என்று கேட்டுவிட்டேன்

நம் கல்கத்தா சென்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன மாதம் எனக்கு வழியனுப்பு விழா என்று கேக் வெட்டினீர்கள். "மாஷி, ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று, சொந்தச் சித்தியிடம் கொடுப்பதுபோல் மைக்கைக் கையில் கொடுத்தீர்கள். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. நாலு பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தால் என் பெயரே எனக்கு மறந்துபோகும். "எல்லாரும் நல்லா இருங்க" என்று சொல்லி மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து புடவை மாற்றி, டீ போட்டுக் குடித்த பிறகுதான் சொல்லவேண்டியது ஞாபகத்துக்கு வந்தது. அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. வங்காளம் நன்றாகப் பேசுவேன், எழுத வராது. மருந்து ஜன்னலுக்குப் புதிதாக வந்திருக்கும் நம் தமிழ்ப் பெண் இதை உங்களுக்கு வாசித்து அர்த்தம் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு என் நன்றி.

நான் என்ன வேலை செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஹாலில் இருப்பேன். டோக்கன் எண் கூப்பிடுவேன். எச்.ஐ.வி. இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்து, காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்று புரியாமல் நிற்பவர்கள் பக்கத்தில் போய் உட்காருவேன். மாத்திரை வாங்க வரவேண்டிய தேதியில் வராதவர்களின் பட்டியல் சாயங்காலம் கையில் வரும். அவர்களைத் தேடிப் போவேன். நானும் அதே மாத்திரை சாப்பிடுகிறவள்தான் என்பது உங்களுக்குத் தெரியும். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் போன பிறகு நோயாளியாக இந்த ஹாலுக்கு வந்தேன். நாலாவது மாதமே எனக்கு இந்த நாற்காலியைக் கொடுத்து உட்காரவைத்தவர், அப்போது இங்கே நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலராக இருந்த தீதி. தன் பெயரை எங்கும் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். அக்கா என்று எல்லாரும் கூப்பிடுகிறபடி தீதி என்றே எழுதுகிறேன்.

தீதியிடம் நான் கற்றதில் ஒன்றை முதலில் சொல்கிறேன். சேர்ந்த புதிதில் ஒருநாள் இருவரும் கரியாஹாட் கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தோம். துர்கா பூஜைக்கு முந்தைய கூட்டம், தோளோடு தோள் இடிக்கிறது. எதிரே நம் ஹாலுக்கு வரும் ஒரு பெண், புருஷன் வீட்டார் ஐந்தாறு பேரோடு வருகிறாள். முந்தின வாரம்தான் தீதியின் மடியில் தலை வைத்து அழுதவள். எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. தீதி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். அந்தப் பெண் ஒரு முழம் தூரத்தில் எங்களைக் கடந்துபோனாள். தீதி அவளை ஒரு விளக்குக் கம்பத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, நடைபாதைக் கடைக்காரனிடம் நைட்டி விலை கேட்டார். அவன் சொன்ன விலைக்கு அவனோடு சண்டையே போட்டார்.

அவள் தாண்டிப்போன பிறகு சொன்னார்: "வெளியில அவங்க நம்மளைப் பாத்து சிரிச்சா சிரி. சிரிக்கலைன்னா நீ அவங்களைப் பிறந்ததிலேருந்து பாத்ததே கிடையாது."

இதை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். எனக்கு அது சுலபம். கூச்சக்காரிக்கு யாரையும் பார்த்துப் பேசாமல் இருப்பது ஒரு கஷ்டமா? வருஷக்கணக்கில் ஒரு தப்பும் வரவில்லை. தீதி டாக்டர்களிடம்கூட என்னைப் பெருமையாகச் சொல்வார், "மாஷி வாயில பூட்டு இருக்கு, சாவி இல்ல" என்று. அந்தப் பூட்டு ஒரே ஒருநாள் திறந்துகொண்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆவணி மாதம். ஊரில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட ஆரம்பித்திருந்தார்கள். ஹாலில் நல்ல கூட்டம். ஜன்னல் பக்கம் ஒரு பெண் துப்பட்டாவை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு மாத வயிறு. கர்ப்பப் பரிசோதனையில் நோய் தெரிந்து அனுப்பப்பட்டவள். புருஷனுக்கும் இருந்தது. அவனும் நம்மிடம்தான் மாத்திரை வாங்கினான்; இருவரும் முதல் தடவை வந்த அன்று நான் லீவு. மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் குழந்தைக்கு வராமல் காப்பாற்றலாம் என்று தீதி அவளுக்குச் சொல்லி, அவளும் ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டு, இரண்டாவது மாதத்துக்கு வாங்க வந்திருந்தாள். பெயர் சொல்லமாட்டேன். சுமதி என்று வைத்துக்கொள்ளுங்கள்; வீடு, இடம், உத்தியோகம் எல்லாம்கூட மாற்றித்தான் எழுதுகிறேன்.

அவள் மாத்திரையைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனில் மெதுவாகச் சொன்னாள்: "வாங்கிட்டேங்க. கிளம்பறேன். அத்தைகிட்ட ஸ்கேன் எடுக்க லேட்டாச்சுன்னு சொல்லிடுங்க."

தமிழ்! நாள் பூராவும் வங்காளமும் இந்தியும் கேட்டுக் கேட்டுக் காய்ந்த காது. இத்தனை வருஷத்தில் அந்த ஹாலில் நான் தமிழ் கேட்டதே இல்லை. எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றைக்கும் தெரியவில்லை. எழுந்து அவள் முன்னால் போய் நின்றேன்.

"அட, தமிழா! எந்த வீட்டுப் பொண்ணும்மா நீ?"

நம் ஆட்கள் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது இதைத்தானே. இந்த ஊரில் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை? எந்த வீடு என்று சொல்லிவிட்டால் மாமியார் யார், மாமனார் எங்கே வேலை பார்த்தார், பெண் எடுத்த இடம் எது என்று ஐந்து நிமிஷத்தில் மொத்தமும் வந்துவிடும். அந்த ஐந்து நிமிஷத்துக்குப் பயந்துதான் அவள் துப்பட்டாவை மூக்குவரை இழுத்திருந்தாள். அது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

அவள் முகம் சாம்பலாகிவிட்டது. என்னை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை கோவிலில் பிரசாதம் கொடுப்பவள், தமிழ் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் சமைக்கப் போகிறவள், ஊர் வீடு அத்தனையும் தெரிந்தவள் நான். என் கண்ணைப் பார்த்து வங்காளத்தில் சொன்னாள்: "ஆமி தமிழ் ஜானி நா."

எனக்குத் தமிழ் தெரியாது என்கிறாள். அரை நிமிஷம் முன்னால் தமிழில் பேசிய வாய். எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, படியில் இறங்கிப் போய்விட்டாள். அடுத்த வருகைக்குத் தேதி எழுதி வாங்கவில்லை.

நான் தீதியின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"போகும்போது அவ பையில எத்தனை நாளுக்கு மாத்திரை இருந்தது?"

"ஒரு மாசத்துக்கு."

"அப்போ முப்பது நாள் நம்ம கையில இருக்கு. இன்னிக்கு அழாதீங்க மாஷி. முப்பதாம் நாள் அழலாம், நானும் சேந்து அழறேன்."

முப்பது நாளுக்குள் அவள் திரும்ப வரவேண்டும். வராவிட்டால் அவளுக்கும் மாத்திரை நிற்கும், புருஷனுக்கும் நிற்கும். வயிற்றில் இருக்கிற குழந்தைக்கு, வராமல் தடுத்திருக்கக்கூடிய நோய் வந்துவிடலாம். என் ஒரு வரிக் கேள்வியால்.

தீதி போன் செய்து பார்த்தார். முதல் நாள் மணி அடித்தது, எடுக்கவில்லை. இரண்டாம் நாள் ஒரு ஆண் குரல் "ராங் நம்பர்" என்றது. மூன்றாம் நாள் ஸ்விட்ச் ஆஃப். புருஷனும் தன் தேதிக்கு வரவில்லை. அவள் சேர்ந்த அன்று கொடுத்த படிவத்தைத் தீதி எடுத்துப் பார்த்தார். வீட்டுக்கு ஆள் வரலாமா என்ற இடத்தில் "வேண்டாம்" என்று தன் கையால் எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தாள்.

நம்மோடு தேடிப்போகிற வேலையில் இருந்த ஒருவர் சொன்னார்: "கேஸ் குழாய் செக் பண்ண வந்திருக்கோம்னு உள்ள போயிடலாம் தீதி. நான் எத்தனை வீடு போயிருக்கேன்."

"வேண்டாம்னு எழுதிக் கொடுத்திருக்கா," என்றார் தீதி.

"குழந்தை விஷயம் தீதி."

"குழந்தை விஷயம்தான். இன்னிக்கு ஏமாத்திப் போனா இந்த மாசம் மாத்திரை கொடுத்துடலாம். அடுத்த மாசம்? அதுக்கடுத்த மாசம்? ஆயுசு பூரா அவ நம்மளைத் தேடி வரணும்யா. நாம அவளைத் தேடிப் போறதுல என்ன இருக்கு?"

அதோடு நிற்கவில்லை அவர். பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸிடம் நேரில் போய்ப் பேசினார். அந்தப் பெண் பரிசோதனைக்கு வந்தால் அங்கேயே கையில் மாத்திரை கொடுத்துவிட ஏற்பாடு செய்தார். "அங்க தமிழ் பேசறவங்க யாரும் இல்லைன்னு நானே பாத்துட்டு வந்தேன்" என்று என்னிடம் சொன்னார். கேலி செய்யாமல்தான் சொன்னார். எனக்குத்தான் ஊசி குத்தியது. ஆனால் அவள் அந்தப் பரிசோதனைக்கும் போகவில்லை.

படிவத்தில் விலாசம் பார்த்தபோதுதான் எனக்கு வீடு தெரிந்தது. டாலிகஞ்ச்சில், பாங்கு அதிகாரியாக இருந்து காலமானவர் வீடு. பாங்க் வீட்டம்மா என்றுதான் அந்த அம்மாவை நாங்கள் சொல்வோம். அந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குச் சமைத்தவள் நான். அஞ்சறைப் பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்பதுவரை தெரியும். மகன் நியூ டவுனில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான் என்று தெரியும். கல்யாணம் ஆன விஷயம் மட்டும் காதில் விழுந்ததே தவிர மருமகளைப் பார்த்ததில்லை.

பத்தொன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. என் போன் அடித்தது. பாங்க் வீட்டம்மா.

"தனம், உசுரோட இருக்கியா?"

"இருக்கேங்கம்மா."

"கோவில்ல பாக்கவே முடியல உன்னை. சரி, கேளு. அடுத்த ஞாயித்துக்கிழமை என் மருமகளுக்கு வளைகாப்பு. அறுபது பேர் வர்றாங்க. ஏழு வகை சாதம் உன் கையால பண்ணணும். சனிக்கிழமையே வந்து வீட்லயே தங்கிடு. இரு இரு, ஸ்பீக்கர்ல போடறேன், காதுல வச்சா எனக்கு ஒண்ணும் கேக்க மாட்டேங்குது... ஆங். மருமகளும் பக்கத்துலதான் உக்காந்திருக்கா. நீ இவளைப் பாத்ததில்லையே தனம்?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மாஷி சும்மா ஹாலில் உட்கார்ந்திருந்தாள் என்று நினைப்பீர்கள். என் வேலையிலேயே பெரிய வேலை இந்தப் போனில்தான் நடந்தது. ஒரு நிமிஷம்கூட இருக்காது.

அந்தப் பக்கம் மின்விசிறி சத்தம் கேட்டது. ஒரு வளையல் சத்தம் கேட்டு, அப்படியே நின்றுவிட்டது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"இல்லைங்கம்மா. பாத்ததே இல்லை," என்றேன்.

"அதானே. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முடிச்சுட்டான் என் புள்ளை. ஒருத்தரையும் கூப்பிடல. அதுக்கும் சேத்துத்தான் இந்த வளைகாப்பு. சனிக்கிழமை வந்துடறே, என்ன?"

வரேம்மா என்ற வார்த்தை நுனி நாக்கில் இருந்தது. இரண்டு நாள் அந்த வீட்டுச் சமையலறையில் இருப்பேன். யாரையும் ஏமாற்றாமல், அந்த வீட்டு எசமானியே கூப்பிட்டு, முன்வாசல் வழியாகப் போவேன். தண்ணீர் கொடுக்கிற சாக்கில் கையில் மாத்திரை டப்பாவைத் திணித்துவிட்டு வந்துவிடலாம். சாமியே வழி காட்டியதுபோல் இருந்தது.

ஆனால் அவள் பக்கத்திலிருந்து யோசித்துப் பார்த்தேன். அறுபது பேர் நடுவில் மணையில் உட்காரவைத்து வளையல் போடுவார்கள். அவள் கண் பூராவும் சமையலறைக் கதவில் இருக்கும். இந்தக் கிழவி எப்போது வெளியே வருவாள், யார் காதில் என்ன சொல்லுவாள் என்று. ஏழு மாத வயிற்றோடு அந்தப் பயத்தை அவளுக்கு நான் கொண்டுபோய்க் கொடுக்கவா? அவள் எழுதிக்கொடுத்த "வேண்டாம்" எனக்கும் சேர்த்துத்தானே?

"முட்டி வலிங்கம்மா. அடுப்படியில நிக்க முடியல. வேற யாரையாவது பாத்துக்குங்க."

"முட்டி வலியாம் முட்டி வலி! இதே முட்டியோடதானே எங்க வீட்ல பால் காய்ச்சினே? என்ன தனம், மவுசு ஏறிடுச்சா?"

"இல்லைங்கம்மா. நெசமாவே முடியல."

"என்னமோ போ. மருமகளை வாழ்த்தி ஒரு வார்த்தையாவது சொல்லு. வயசானவ வாய்ச்சொல்."

அடுத்த சோதனை இது. எந்தக் கிழவியும் கர்ப்பிணியிடம் என்ன சொல்வாள்? உடம்பைப் பார்த்துக்கொள், டாக்டர் கொடுத்ததை விடாமல் சாப்பிடு என்பாள். மாமியார் சந்தேகப்படவே மாட்டார். பதினோரு நாளில் தீரப்போகிற மாத்திரை என் கண் முன்னால் நிற்கிறது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். வேறு யார் சொன்னாலும் அது அக்கறை. நான் சொன்னால் மிரட்டல். எனக்கு எல்லாம் தெரியும், ஜாக்கிரதை என்று சொல்வதுபோல் அவள் காதில் விழும்.

"நல்லா இரும்மா," என்றேன். அவ்வளவுதான். கிடைத்த ஒரே கயிற்றையும் நானே அறுத்துவிட்டேனோ என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை தீதியிடம் சொன்னேன். சாப்பாட்டு நேரம். அவர் டப்பாவைத் திறந்தபடி எல்லாவற்றையும் கேட்டார்.

"நானா இருந்தா மாத்திரையைப் பத்திச் சொல்லித் தொலைச்சிருப்பேன் மாஷி," என்றார் கடைசியில். "போயும் இருப்பேன் அந்த வீட்டுக்கு. நீங்க செஞ்சது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல. ஆனா உங்க ஆளுங்களை உங்களுக்குத்தான் தெரியும்." சொல்லிவிட்டு அவர் டப்பாவிலிருந்து இரண்டு லூச்சிப் பூரியை என் தட்டில் வைத்தார். எம்.ஏ. படித்தவர். அஞ்சாங் கிளாஸ்காரியிடம் எனக்குத் தெரியவில்லை என்று சொன்னாரே, அதை நினைத்து நினைத்து நான் எத்தனை நாள் மலைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு நடந்திருக்கும். நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது. யாரும் வரவில்லை.

முப்பதாம் நாள் விடியற்காலையிலிருந்து மழை. கல்கத்தா மழை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். எட்டு மணிக்குள் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மெட்ரோ நிலையம்வரை நடந்து, எப்படியோ சென்டர் வந்து சேர்ந்தால், ஹாலில் ஒரு ஈ காக்கை இல்லை. ஆனால் தீதியின் அறையில் விளக்கு எரிந்தது. ஊருக்கு வெளியிலிருந்து வருகிறவர். பாலிதீன் பையில் மாற்றுப் புடவை கட்டி எடுத்துக்கொண்டு, முதல் ரயிலில் வந்து, உலர்ந்த புடவையில் உட்கார்ந்திருந்தார்.

"இந்த மழையில யாரு வரப்போறாங்க தீதி?"

"மழை நாள்லதான் மாஷி, ஒளிஞ்சு வர்றவங்க வருவாங்க. ஹால் காலியா இருக்கும்னு அவங்களுக்குத் தெரியும்."

எத்தனை மழை நாளுக்கு அவர் லீவு போடாமல் வந்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். காரணம் யாரிடமும் சொன்னதில்லை.

பத்தரை மணிக்குப் படியில் காலடிச் சத்தம். எட்டிப் பார்த்தேன். சுமதி. முழங்கால்வரை நனைந்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி வருகிறாள். இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பாய்ந்து போய் சாமான் அறைக்குள் ஒளிந்துகொண்டேன். என்னைப் பார்த்தால் திரும்பிப் போய்விடுவாளே என்ற பயம். துடைப்பத்துக்கும் பினாயில் டப்பாவுக்கும் நடுவில் நின்றுகொண்டு காதைத் தீட்டினேன்.

அவள் தீதியிடம் வங்காளத்தில் கேட்டாள்: "அந்த மாஷி இல்லையா?"

"எந்த மாஷி?" என்றார் தீதி. தெரியாதவர்போலவே.

"தமிழ் மாஷி. சமையல் பண்றவங்க."

தீதி திருப்பிக் கேட்டார்: "அவங்க இருக்கணுமா, இருக்கக்கூடாதா?"

இந்தக் கேள்வியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே. நானாக இருந்தால் இருக்கிறாள் என்றோ இல்லை என்றோ உளறியிருப்பேன். தீதி முடிவை அவள் கையில் கொடுத்தார்.

"இருக்கணும்," என்றாள் அவள்.

நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். கையில் ஏன் துடைப்பம் இருந்தது என்று தெரியவில்லை.

"உள்ள என்ன பண்றீங்க?" தமிழில் கேட்டாள்.

"ஒளிஞ்சிட்டிருந்தேம்மா."

சிரித்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு அழகான சிரிப்பு! சிரித்தபடியே அழவும் செய்தாள்.

"பாத்ததே இல்லைன்னீங்களே பெரியம்மா. எப்படிக் கூசாம பொய் சொல்றீங்க?"

"உன்கிட்ட அன்னிக்கு வாயைக் குடுத்தது தப்பும்மா. மன்னிச்சுக்கோ."

"போன்ல நீங்க என்ன சொல்வீங்கன்னு காதைத் தீட்டிட்டு இருந்தேன். மாத்திரை, உடம்பு, டாக்டர்னு ஒரு வார்த்தை வந்திருந்தா அன்னிக்கே பொட்டியைக் கட்டிட்டு எங்கயாவது போயிருப்பேன். அவரும் அதேதான் சொன்னார். நீங்க சமைக்க வர்றேன்னு சொல்லியிருந்தாலும் அப்படித்தான். முட்டி வலின்னீங்க. அத்தை ஒரு வாரமா உங்களைத் திட்டறாங்க. நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். நேத்து ராத்திரி கடைசி மாத்திரையைச் சாப்பிட்டேன். அவருக்கு முந்தின வாரமே தீந்துபோச்சு. இன்னிக்கு மழை. போலாம்னு தோணிச்சு. அவர் கீழ நிக்கறார்."

தீதி அவரை மேலே கூப்பிட எழுந்து போனார். போகட்டும், இவர்கள் தனியாகப் பேசட்டும் என்றுதான் போனார் என்று நினைக்கிறேன். அவ்வளவு மழையில் அவரே இறங்கிப் போகவேண்டிய அவசியம் இல்லை.

நான் என் பையைத் திறந்து என் மாத்திரைப் புத்தகத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். சின்ன வயசிலிருந்து யாரிடமும் எதையும் சொல்லிப் பழக்கம் இல்லாதவள். சொல்ல வாய் வரவில்லை. அதனால் கையில் கொடுத்தேன். அவள் பிரித்துப் பார்த்தாள். என் பெயர், என் வயசு, என்ன மாத்திரை, எந்தத் தேதி.

"இதை இந்த ஊர்ல தமிழ் பேசற ஒருத்தர்கிட்டயும் நான் சொன்னதில்லம்மா. சாப்பாட்ல வராதுன்னு உனக்கும் எனக்கும் தெரியும். அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஒரு வீட்டு அடுப்படியிலயும் என்னை நிக்க விட மாட்டாங்க."

"என்கிட்ட எதுக்குக் காட்டறீங்க?"

"என் வாயை மட்டும் நம்பிட்டு நீ இருக்கவேண்டாம். என்னுடையதும் உன்கிட்ட இருக்கட்டும்."

அவள் புத்தகத்தை மூடி, ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். அந்த மரியாதையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

இப்படிச் செய்யுங்கள் என்று உங்களுக்குச் சொல்லவில்லை. அவரவர் ரகசியம் அவரவருக்கு. நான் கெடுத்ததைச் சரிசெய்ய என்னிடம் கொடுப்பதற்கு இருந்தது அது ஒன்றுதான். போனில் அன்று வாயை மூடிக்கொண்டதும் வெற்றி என்று மார்தட்டிக்கொள்ள முடியாது. சுமதி வந்தாள். அதேபோல் நாங்கள் காத்திருந்தும் வராமல் போனவர்கள் உண்டு. அவர்கள் பெயரெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உங்களுக்கு நான் சொல்ல வந்தது சின்ன விஷயம்தான். ஒருவர் வராமல் நின்றுவிட்டால், அவர் ஏன் வரவில்லை என்று அவரைக் கேட்பதற்கு முன்னால், கடைசியாக வந்த அன்றைக்கு நாம் என்ன செய்தோம் என்று யோசியுங்கள். பல நேரம் பதில் நம் ஹாலிலேயே கிடக்கும்.

குழந்தை ஐப்பசி முடிவதற்குள் பிறந்தது. பெண் குழந்தை. பிறந்தவுடன் கொடுக்கவேண்டிய சொட்டு மருந்தை மாமியார் கண்ணில் படாமல் ஒருநாள்கூடத் தவறாமல் அவள் கொடுத்தாள். எப்படிக் கொடுத்தாள் என்று கேட்டதற்கு, "வைட்டமின்னு சொன்னேன். அத்தையே நேரம் பாத்து ஞாபகப்படுத்தறாங்க" என்றாள். அந்தச் சாமர்த்தியம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. ஆறு வாரத்தில் ஒரு பரிசோதனை, அப்புறம் அப்புறம் என்று, ஒன்றரை வயதில் கடைசிப் பரிசோதனை. அதில் வருவதுதான் கடைசி முடிவு.

முடிவு வாங்கவேண்டிய நாள் சுமதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். நல்ல வெயில், ஹால் நிறைய ஆட்கள். அவள் துப்பட்டா தோளில் கிடந்தது. தீதி காகிதத்தைப் பிரித்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை படித்தார்.

"குழந்தைக்கு இல்லை. இனிமேயும் சோதிக்க வேண்டாம். முடிஞ்சது," என்றார்.

நான் கைகூப்பினேன். சுமதி அழவில்லை. குழந்தையின் உச்சியை ஒருமுறை முகர்ந்தாள். பிறகு கேட்டாள்: "அப்போ என் மாத்திரை? அதை நிறுத்திடலாமா?"

எனக்குத் திக்கென்றது. குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த மறுமாதமே காணாமல் போன தாய்மார்களை நானே எத்தனை பேரைத் தேடிப் போயிருக்கிறேன். தனக்காக ஒரு மாத்திரையை விழுங்குவதற்கு நம் பெண்களுக்கு மனசு வராது.

தீதி அவசரப்படவில்லை. குழந்தையைக் காட்டிக் கேட்டார்: "இவ பேரு சொல்ல ஆரம்பிச்சுட்டாளா?"

"அவ பேரு தெரியல. அம்மாங்கறா. நாள் பூரா அதேதான்."

"அந்த அம்மா எத்தனை வருஷம் இருக்கணும்னு ஆசைப்படறே?"

சுமதி குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, பைக்குள்ளிருந்து தன் மாத்திரைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, மருந்து ஜன்னல் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் பதினோரு பேர். குழந்தை என் கண்ணாடியைப் பிடுங்கி, முடியைப் பிடித்து இழுத்து, ஹாலே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியது. அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. வரிசையோடு மெல்ல நகர்ந்து போய்க்கொண்டிருந்தாள்.